ஏழையை நகர்த்தினால் ஆறு தெளியுமா?

அடையாற்றை மீட்க வேண்டுமானால் கரைக் குடிசைகள் போக வேண்டும், போகிறவர்களுக்கு மாடி வீடும் கிடைக்கிறது, இதில் யாருக்கு நட்டம்? நதிச் சீரமைப்பு என்று பேச்செடுத்தாலே சென்னையில் இந்த வாதம் வந்து நிற்கிறது. வறுமைதானே பெரிய மாசு என்று 1972இல் ஸ்டாக்ஹோமில் இந்திரா காந்தி கேட்டது, வறுமையை ஒழிக்காமல் சூழலைக் காக்க முடியாது என்பதற்காக. இங்கே அது ஏழையை ஒழித்துக்கட்டு என்று திரிந்துவிட்டது.

வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. 2015 வெள்ளத்தில் கரையோரக் குடிசைகள் மூழ்கின. 2011இல் திறந்த தொல்காப்பியப் பூங்கா, சீரழிந்து கிடந்த அடையாற்று உப்பங்கழிக்கு உயிர் கொடுத்தது.

ஆனால் அகற்றப்பட்டவர்கள் எங்கே போனார்கள்?

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். எல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் அதன் நீர்வழிகளையும் ஒட்டிய தாழ்வான பகுதிகள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த அதே சதுப்பு நிலம்தான். ஓர் ஆற்றைக் காப்பதாகச் சொல்லி ஒரு சதுப்பு நிலத்தை நெருக்கியிருக்கிறார்கள். வெள்ளத்துக்குத் தப்பவைக்கிறோம் என்று கூட்டிப்போன இடத்திலும் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குகிறது. மயிலாப்பூரிலும் அடையாறிலும் வீட்டுவேலை செய்த பெண்களுக்கு, நடந்து போன வேலை இப்போது நெடுந்தூரப் பேருந்துப் பயணம்.

ஆற்றை நாறடிப்பதும் குடிசை மட்டுமா? மழைநீர் வடிகால்களில் கலந்து ஆற்றில் இறங்கும் கழிவுநீர் மாநகரம் முழுவதற்கும் சொந்தம். அது முகத்துவாரத்தில் வந்து சேரும்போது முதலில் அடிபடுவது ஊரூர் ஒல்காட் குப்பத்து மீனவர்கள். ஆறு சுத்தமாக வேண்டும் என்பதில் அவர்களைவிட அக்கறை யாருக்கு இருக்க முடியும்? ஏழையும் சூழலும் எதிரிகள் அல்ல. மெரினா கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம் வரை கடற்கரை மேம்பாலச் சாலை போட அரசு திட்டமிட்டபோது, பங்குனி ஆமைகள் முட்டையிடும் மணலும் மீனவர்கள் வலை உலர்த்தும் மணலும் ஒன்றாகவே ஆபத்தில் சிக்கின. மீனவர்களும் ஆமை ஆர்வலர்களும் ஒரே பக்கம் நின்றார்கள். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, சந்தேகம் பெரிதும் விழுந்தது கரையருகே ஓடிய விசைப்படகுகளின் இழுவை வலைகள்மேல்தான். குப்பத்துச் சிறு படகுகள்மேல் அல்ல.

மாற்றுவழி புதிதும் அல்ல. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டியது. அதை இன்று செய்ய நகருக்குள் நிலமில்லை என்கிற அதிகாரிகள், இதே நகருக்குள் மற்ற திட்டங்களுக்கு நிலம் எப்படிக் கிடைக்கிறது என்று சொல்லட்டும். அதுவரை, கழிவுநீரை நிறுத்தாமல் குடிசைகளை மட்டும் இடிக்கும் எந்தத் திட்டத்தையும் சூழல் பாதுகாப்பு என்று ஏற்க முடியாது.