மஞ்சள் அட்டையும் மௌசர் குழலும்

ஜெர்மனியில் ஒரு பழைய கராபீனர் 98கே ரைஃபிளை விற்க வருபவர் முதலில் எண்களைத்தான் காட்டுவார். போல்ட், குழல், கட்டை, அடித்தகடு எல்லாவற்றிலும் ஒரே எண் என்பார். அடுத்து ‘பி-ஒய்-எஃப்’ என்ற முத்திரையைச் சுட்டிக்காட்டுவார். அது ஓபர்ன்டோர்ஃப் ஊரின் மௌசர் ஆலைக்கு இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தரப்பட்ட ரகசியக் குறி. கட்டையின் பழுப்பு மெருகு அசல், யாரும் கைவைக்கவில்லை என்பார். அத்தனையும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வாங்குபவர் நூறு மீட்டர் தூரத்தில் காகித இலக்கைச் சுடப்போகிறவர் என்றால், அந்தப் பேச்சில் அவருக்குப் பயன்படுவது அநேகமாக எதுவும் இல்லை. அவர் பணம் கொடுப்பது குழல்வாயின் கடைசி இரண்டு விரற்கடைக்கும், போல்ட் பூட்டிக்கொள்ளும் இடத்துக்கும். மற்றதெல்லாம் வேறொருவருக்கான சரக்கு.

அந்த வேறொருவர் யார் என்பதை ஜெர்மன் ஆயுதச் சட்டமே பிரித்து வைத்திருக்கிறது. விளையாட்டுக்காகச் சுடுபவருக்கு மஞ்சள் உரிம அட்டை. பன்னிரண்டு மாதமாவது துப்பாக்கிச் சுடும் சங்கத்தில் ஒழுங்காகச் சுட்டுப் பழகியவருக்கே அது கிடைக்கும்; ஆறு மாதத்துக்கு இரண்டு ஆயுதம்தான் வாங்கலாம்; 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்த அட்டையில் மொத்தம் பத்துதான். சேகரிப்பவருக்குச் சிவப்பு அட்டை. தன் சேகரிப்புக்குப் பண்பாட்டு வரலாற்று மதிப்பு உண்டு என்று அதிகாரிகளிடம் நிறுவியவருக்கு அது தரப்படுகிறது. பொருந்தும் எண்களும் ஆலைக் குறிகளும் சிவப்பு அட்டைக்காரரின் உலகம். அவர் அதற்குக் கூடுதல் விலை கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. மஞ்சள் அட்டைக்காரர் அதே விலையைக் கொடுத்தால், தனக்குத் தேவையில்லாத ஒன்றுக்குப் பணம் கட்டுகிறார். சந்தையில் இந்த இரண்டு கூட்டமும் ஒரே மேசை முன்னால் நிற்பதால்தான் குழப்பமே. ஆக, துப்பாக்கியைக் கையில் எடுக்கும் முன் வாங்குபவர் முடிவு செய்துகொள்ள வேண்டியது, தான் எந்த அட்டையோடு வந்திருக்கிறோம் என்பதைத்தான்.

சுடுபவரின் சோதனை குழலில் தொடங்குகிறது. போல்ட்டைக் கழற்றி, ஆயுதம் காலி என்று உறுதி செய்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்ப்பதை எல்லோரும் செய்கிறார்கள். உள்ளே பளபளத்தால் திருப்தி, கறுத்திருந்தால் முகச்சுளிப்பு. இந்தத் தீர்ப்பு பாதிதான் சரி. பழைய ராணுவத் தோட்டாக்களின் பற்றவைப்புக் கலவையில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் படியும் உப்பு ஈரத்தை இழுத்துக் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். சுட்ட அன்றே நீர் விட்டுக் கழுவாத சிப்பாயின் சோம்பல் எண்பது ஆண்டு கழித்தும் கரும்புள்ளிகளாகத் தெரிகிறது. இருந்தாலும், திருகுவரிகளின் விளிம்பு கூர்மையாக இருந்தால் புள்ளி விழுந்த குழலும் நன்றாகவே சுடும். பளபளக்கும் குழல் ஏமாற்றுவது வாயில். சுத்தம் செய்யும் இரும்புக் கம்பியை முன்பக்கத்திலிருந்து நுழைத்து இழுத்து இழுத்து, வாயருகே வரிகள் தேய்ந்து, வட்டம் முட்டை வடிவமாகிவிடும். இதைக் காண எளிய வழி: தோட்டாவிலிருந்து தனியாகப் பிரித்த ஒரு குண்டை முனைப்பக்கமாகக் குழல்வாயில் வைத்துப் பார்ப்பது. வரிமேடுகளுக்கிடையே 7.9 மில்லிமீட்டர் இருக்கவேண்டிய குழலில் 8.2 மில்லிமீட்டர் குண்டு முழுத்தடிமன் வரை இறங்கினால், உள்ளே எவ்வளவு மினுங்கினாலும் அந்தக் குழல் தேய்ந்துபோனது. வாய் விளிம்பில் சிறு வெட்டுக்காயம் இருந்தாலும் குண்டு வெளியேறும் கணத்தில் புகை ஒருபுறமாகப் பாய்ந்து அதைச் சாய்த்துவிடும். இதற்கு அடுத்ததாகக் கட்டைக்குள் மறைந்திருக்கும் பகுதி. ஈரம் குடித்த மரம் இரும்பை அடியில் தின்றிருக்கும். வெளியே புதிதாக நீலச்சாயம் ஏற்றிய ரைஃபிளில் இந்தச் சந்தேகம் இன்னும் வலுவானது. அடியில் உள்ள திருகுகளைக் கழற்றிக் காட்டத் தயங்கும் விற்பனையாளரிடம் காரணம் கேட்பதில் தவறில்லை.

பொருந்தும் எண்களை இப்படித் தள்ளிவிடலாமா, அவை பாதுகாப்புக்கான அத்தாட்சி அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. வாதம் வலுவானதுதான்: போல்ட்டும் குழலும் ஒன்றுக்கொன்று பொருத்தி அளவு பார்க்கப்பட்டவை, போல்ட் மாறினால் தோட்டாவுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளி மாறும், அது கூடினால் பித்தளைக் கூடு கிழிந்து புகை பின்னோக்கி வரும். ஆனால் அந்த இடைவெளியை அளப்பது எண் அல்ல, அளவி. ‘போகும்’ அளவியின் மேல் போல்ட் மூடவேண்டும்; ‘போகாது’ அளவியின் மேல் மூடக்கூடாது. துப்பாக்கிப் பழுது பார்க்கும் எந்தப் பட்டறையிலும் இந்தச் சோதனை சில நிமிட வேலை. எண் பொருந்தியும் பூட்டுப் பற்கள் உட்கார்ந்துபோன ரைஃபிள்கள் உண்டு. எண் பொருந்தாமலேயே செம்மையாகப் பூட்டுபவையும் உண்டு. சோவியத் படை போரில் கைப்பற்றிய 98கேக்களைத் தன் ஆயுதசாலைகளில் பிரித்துப்போட்டுக் கலந்து சீரமைத்தது; யூகோஸ்லாவியாவும் அப்படியே செய்தது. இவற்றின் பழைய எண்களை அடித்துவிட்டுப் புதிய எண்ணைக் கீறியிருப்பார்கள். சேகரிப்பவர் மூக்கைச் சுளிக்கும் இந்த ரைஃபிள்கள் சுடுபவருக்கு நல்ல பேரம். நார்வேயும் இஸ்ரேலும் செய்தது வேறு. முன்னது தன்னிடம் சிக்கிய 98கேக்களை அமெரிக்க 7.62x63 தோட்டாவுக்கும், பின்னது நேட்டோ 7.62x51 தோட்டாவுக்கும் மாற்றிக் குழலிட்டன. இங்கே வாங்குபவர் பார்க்கவேண்டியது, குழலில் பொறித்த எண்ணும் கேலிபரும் விற்பவரின் அட்டையில் பதிவான எண்ணும் கேலிபரும் ஒன்றுதானா என்பது. 2013 முதல் ஜெர்மனி முழுவதற்கும் ஒரே ஆயுதப் பதிவேடு இருக்கிறது. இரும்பில் ஒன்றும் ஏட்டில் ஒன்றுமாக இருந்தால் பதில் சொல்லவேண்டியவர் புதிய உரிமையாளர். எண்கள் மஞ்சள் அட்டைக்காரருக்கு முக்கியமாவது இந்த ஓரிடத்தில்தான்.

அரசு சோதனை முத்திரைதான் இருக்கிறதே, அதற்கு மேல் என்ன வேண்டும் என்பது அடுத்த மறுப்பு. உல்ம், மியூனிக், ஸூல், கொலோன், கீல் போன்ற ஊர்களின் சோதனை நிலையங்கள் வழக்கத்தை மீறிய அழுத்தம் தரும் தோட்டாவைச் சுட்டுப் பார்த்து, தாங்கிய துப்பாக்கிக்குக் கழுகு முத்திரையும் தம் ஊர்ச் சின்னமும் அடிக்கின்றன. பக்கத்தில் இரண்டு எழுத்தில் ஆண்டு இருக்கும்; ஏ என்றால் 0, பி என்றால் 1 என்று எண்ணிக்கொண்டு போனால், ‘எச்-ஜி’ என்பது 76. இந்த ஏற்பாடு உலகிலேயே சிறந்தவற்றில் ஒன்று, சந்தேகமில்லை. ஆனால் அது நம்மூர் லாரிக்கு எஃப்.சி. வாங்கியது போலத்தான்: அன்றைக்கு வண்டி ஓடியது என்பதற்குச் சான்று, இன்றைக்குப் பிரேக் பிடிக்கும் என்பதற்கு அல்ல. 1976-இல் முத்திரை வாங்கிய ரைஃபிளின் போல்ட்டை 1990-களில் யாரோ மாற்றியிருக்கலாம். சுமை தாங்கும் பாகத்தை மாற்றிப் பொருத்தினால் மறுசோதனைக்கு அனுப்பவேண்டும் என்பது சட்டம். எல்லோரும் அனுப்பினார்கள் என்று நம்புவது வாங்குபவரின் நல்ல மனசு. முத்திரையே இல்லாவிட்டால் பேச்சை அங்கேயே நிறுத்தலாம். இருந்தால், அது சோதனையின் தொடக்கம் மட்டுமே.

மௌசர் 98 அமைப்பு அசைக்க முடியாதது, எதற்கு இத்தனை கவலை என்று கேட்பவருக்கும் ஒரு பதில் உண்டு. முன்னால் இரண்டு பூட்டுப் பற்கள், பின்னால் காப்புக்கு மூன்றாவது, கூடு கிழிந்தால் புகையை விலக்கிவிடும் துளைகள்: அந்தப் புகழ் பொய்யல்ல. ஆனால் அது காப்பாற்றுவது சுடுபவரின் கண்ணை. குழலின் துல்லியத்தை அல்ல. 98-க்கு முந்திய கெவேர் 88-க்கோ அந்த வலிமையும் கிடையாது. அதன் காலத்துக் குண்டு 8.1 மில்லிமீட்டர் அளவானது; 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கூர்முனைக் குண்டு 8.2. இரண்டு தோட்டாவின் பெயரும் ஏறக்குறைய ஒன்றே, கடைசி எழுத்தான ‘எஸ்’ மட்டும்தான் வேறுபாடு. அந்த ஒரு எழுத்தைக் கவனிக்காமல் இறுக்கமான பழைய குழலில் பெரிய குண்டைச் செலுத்தினால் அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்லமுடியாது. 88-ஐ வாங்குபவர் குழலை அளந்து பார்க்காமல் ஒரு தோட்டாகூடச் சுடக்கூடாது.

மற்ற நாட்டு ரைஃபிள்களில் தேடவேண்டிய இடம் மாறுகிறது. சுவிட்சர்லாந்தின் கே31-இல் குழல் பெரும்பாலும் அருமையாக இருக்கும், அடிக்கட்டைதான் பனியிலும் சேற்றிலும் அடிபட்டுக் கிடக்கும். அழகு பார்க்காதவருக்கு இதைவிட நல்ல கொள்முதல் அரிது. ஸ்வீடன் மௌசரின் கட்டையில் ஒரு பித்தளை வட்டு பதித்திருப்பார்கள். குழலின் அளவையும் நிலையையும் ராணுவப் பழுதாளர் அதில் குறித்திருப்பார். அழகான ஏற்பாடுதான், ஆனால் அதுவும் அன்றைய கணக்கு, கட்டை மாறியிருந்தால் வேறு குழலின் கணக்கு. நம் வாசகர்கள் காவலர் தோளில் பார்த்துப் பழகிய .303 லீ-என்ஃபீல்டும் இங்கே மஞ்சள் அட்டையில் கிடைக்கிறது. இந்தியாவில் அது பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட கேலிபர். லீ-என்ஃபீல்டின் நான்காம் மாடலில் போல்ட்டின் தலை தனியாகத் திருகி எடுக்கக்கூடியது. 0 முதல் 3 வரை எண்ணிட்ட அளவுகளில் வரும். 3-ஆம் எண் தலை போட்டிருந்தால், இடைவெளியை இறுக்க இனிமேல் வழியில்லாத அளவுக்கு உழைத்த ரைஃபிள் என்று எடுத்துக்கொள்ளலாம். இஷாப்பூர் ஆலைத் தயாரிப்பு என்றால் முன்கட்டையில் குறுக்கே ஒரு திருகு ஓடும். மரம் பிளக்காமல் இருக்கப் போட்டது, குறையல்ல.

இத்தனையையும் விற்பனை மேசையில் செய்யமுடியுமா, ஏலத்தில் படம் பார்த்து வாங்குபவர் என்ன செய்வார் என்பது நியாயமான கேள்வி. படத்தில் குழல் தெரியாது. போர்க்கால ரைஃபிள்களில் உள்ள ஸ்வஸ்திகா முத்திரையைப் பொதுவில் காட்டுவதைக் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவு கட்டுப்படுத்துவதால், அதை மறைத்தே படம் போடுவார்கள். மறைத்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. ஆனால் ஜெர்மன் சட்டம் ஒரு வசதியைத் திறந்து வைத்திருக்கிறது: அங்கீகரிக்கப்பட்ட சுடுதளத்துக்குள், அங்கேயே சுடுவதற்காக இன்னொருவரின் துப்பாக்கியைத் தற்காலிகமாகக் கையில் வாங்க உரிம அட்டை தேவையில்லை. விற்பவரும் ஏதோ ஒரு சங்கத்தின் உறுப்பினராக இருக்க வாய்ப்பு அதிகம். அவருடைய தளத்துக்கே போய், பட்டறை அளவியைத் தாண்டிய ரைஃபிளில், புதிய ஆலைத் தோட்டாக்கள் ஐந்தை முட்டுக்கொடுத்துச் சுட்டுப் பார்க்கலாம். ஓட்டைகள் பக்கவாட்டில் நீண்டிருந்தால் குண்டு தள்ளாடிப் பறக்கிறது, வாய் போய்விட்டது என்று பொருள். சுட்ட கூடுகளையும் பொறுக்கிப் பார்க்கவேண்டும்: அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையம் ஓடினால், பித்தளை அங்கே நீண்டு மெலிந்திருக்கிறது, இடைவெளி கூடுதல். வளையம் இல்லை, ஓட்டைகள் வட்டமாகவும் நெருக்கமாகவும் விழுந்திருக்கின்றன என்றால் விலை பேச உட்காரலாம். கைமாறியதை இரண்டு வாரத்துக்குள் ஆயுத உரிம அலுவலகத்தில் பதிய வேண்டும். வீட்டில் 0 தரத்துக்குக் குறையாத இரும்புப் பெட்டி தயாராக இருக்கவேண்டும். அதன் செலவையும் ரைஃபிளின் விலையோடு சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுப் பேரத்தைத் தொடங்குவது நல்லது.