கழற்பெய்குடமும் தகுதித் தேர்வும்

ஆசிரியராகத் தகாதார்க்குப் பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் நான்கு உவமை தருகிறார். அவற்றுள் கழற்பெய்குடம் கூர்ந்து நோக்கற்பாலது. கழற்சிக்காய் நிறைந்த குடத்தைக் கவிழ்த்தால், இட்ட முறையில் காய்கள் வெளிவரா. நிறைவில் குறையில்லை, கொடுக்கும் முறையிலேயே குறை. தமிழகத்தில் 2012 முதல் நடைபெறும் ஆசிரியர் தகுதித் தேர்வின் 150 கொள்குறி வினாக்களோ, குடம் நிறைந்துளதா என்றே அளக்கின்றன. கற்பித்தற் பயிற்சியின்போது பின்வரிசையில் அமரும் மேற்பார்வையாளர் சற்று மேல். ஆயினும் அவர் கண் பாடக்குறிப்பேட்டிலேயே தங்கிவிடுகிறது (யானும் அவ்வாறு அமர்ந்தவனே). மற்றோர் உவமை மடற்பனை. மட்டை கழிக்கப்படாத அப்பனையின் கருக்கு, ஏற முயன்றவனுக்கே தெரியும். அம்மாணாக்கனை நாம் வினவுவதில்லை. பவணந்தியாரும் அவனை அன்னம் முதல் நெய்யரி ஈறாகத் தரம் பிரித்தாரேயன்றி, ஆசிரியனைத் தரம் பிரிக்கும் உரிமையை அவனுக்கு அளித்தாரல்லர். உவமைகள் மட்டும் அவன் பட்டறிந்து சொன்னவை போலவே ஒலிக்கின்றன.