பன்னிரண்டு சிறு விசைகள்

எப்சன் எஃப்எக்ஸ்-80 டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் மூடிக்கு அடியில் அரிசிமணி போன்ற விசைகள் இரண்டு கொத்தாக இருக்கின்றன. ஒன்றில் 8, மற்றதில் 4. டிப் ஸ்விட்ச் என்பது இவற்றின் பெயர். பேனா முனை பட்டாலே நகர்ந்துவிடும். ஆன், ஆஃப் என்று ஆளுக்கு இரண்டே நிலை. பன்னிரண்டும் கூடினால் 4,096 விதமான அமைப்புகள்!

1980களின் தொடக்கத்தில் இதைச் செய்தவர்களுக்கு இந்தப் பிரிண்டர் எந்த நாட்டுக்குப் போகும், எந்தக் கணினியோடு இணையும், எந்தத் தாளை இழுக்கும் என்பது தெரிந்திருக்க வழியில்லை. தெரியாத அந்தக் கேள்விகளையே தேடிப் பொறுக்கி விசைகளாக்கினார்கள். இதன் அழகே அங்குதான்.

நாட்டுக்கு மூன்று விசைகள். அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன், டென்மார்க், ஸ்வீடன், இத்தாலி, ஸ்பெயின் என எட்டு நாடுகளும் அந்த மூன்றுக்குள் கச்சிதமாக அடங்கிவிடுகின்றன. அதிலும் எவ்வளவு சிக்கனம் பாருங்கள்: எழுத்து வரிசை முழுவதையும் தொடாமல் சில இடங்களை மட்டும் மாற்றுகிறார்கள். அமெரிக்க அமைப்பில் # விழும் இடத்தில் பிரிட்டனுக்கு £ விழும். சதுர அடைப்புக்குறிகள் ஜெர்மனிக்கு Ä, Ü ஆகிவிடும்.

இன்னொரு விசை பூஜ்யத்துக்குள் ஒரு சாய்கோடு போடும். நிரல் எழுதுபவருக்கு அந்தக் கோடு உயிர். அது இல்லாவிட்டால் பூஜ்யமும் ஆங்கில ‘ஓ’வும் ஒன்றாகக் குழம்பும். பில் அடிக்கும் கடைக்காரருக்கோ கோடில்லாத பூஜ்யம்தான் பார்க்கச் சுத்தம். இருவர் பக்கமும் நியாயம் இருப்பதால் முடிவு அவரவர் விரலுக்கு விடப்பட்டிருக்கிறது.

என் மனத்தை மிகவும் கவர்ந்தது ஆட்டோ லைன் ஃபீட் விசை. வரி முடிந்ததும் அச்சுத்தலை இடதுபுறம் திரும்புவது ஒரு வேலை, தாள் ஒரு வரி மேலேறுவது வேறு வேலை. தாளை ஏற்றச் சொல்லும் ஆணையைச் சில கணினிகள் தாமே அனுப்பும். சில, பிரிண்டர் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடும். இருவரும் ஏற்றினால் வரிக்கு வரி வெற்றிடம் விழும். இருவருமே சும்மா இருந்தால் பக்கம் முழுவதும் ஒரே வரிமேல் அடித்துக் கரும்பட்டையாகும். பொறுப்பு யாருடையது என்று தீர்த்துவைக்க ஒரு சிறு விசை போதுமானதாக இருக்கிறது.

தொடர்தாளின் துளைக்கோட்டைத் தாண்டும் விசையும் அப்படியே. 11 அங்குலத் தாளில் அங்குலத்துக்கு 6 வீதம் 66 வரிகள். விசையை ஆன் செய்தால் ஓர் அங்குலத்தை விட்டு 60 வரிகளோடு நின்றுகொள்ளும். தாளைக் கிழிக்கும் இடத்தில் எழுத்து எதுவும் சிக்காது.

இந்த விசைகளைப் பிரிண்டர் தொடங்கும்போதுதான் படிக்கிறது. நடுவில் யார் தள்ளினாலும் ஓடிக்கொண்டிருக்கும் அச்சு மாறாது. மின்சாரம் போனாலும் விசை வைத்த இடத்திலேயே நிற்கும். மூடியைத் திறந்தால் பன்னிரண்டு முடிவுகளையும் கண்ணாலேயே படித்துவிடலாம். இவ்வளவு வெளிப்படையான நினைவகம் எந்த இயந்திரத்துக்கும் பெருமைதான்.