பேயை நீக்கிவிட்டால் என்ன மிஞ்சும்?

திகில் படத்தை எடைபோட இரண்டு கேள்விகள் போதும். பேயை நீக்கிவிட்டால் அங்கே அச்சம் மிஞ்சுகிறதா? மிஞ்சும் அச்சத்தைப் பேய் இல்லாமலே முழுதாகச் சொல்லிவிட முடியுமா? முதலாவதற்கு ‘ஆம்’ என்றும் இரண்டாவதற்கு ‘முடியாது’ என்றும் பதில் வரும் படமே காலத்தில் நிற்கும். முதல் கேள்வியில் தோற்பது வெறும் அதிர்ச்சி. இரண்டாவதில் தோற்பது பேய் வேடமிட்ட குடும்பக் கதை.

ஜேம்ஸ் வானின் ‘தி கான்ஜுரிங்’ (2013) முதல் கேள்வியிலேயே இடறுகிறது. அதன் தொழில்திறனில் குறை சொல்ல இடமில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு தாய் மகளைத் தேடும்போது அலமாரிக்குள்ளிருந்து இரண்டு கைகள் நீண்டு தட்டுகின்றன. அந்த ஓசைக்குத் துள்ளாதவர் இல்லை. ஆனால் பேயை ஓட்டி முடித்ததும் குடும்பம் பழைய நிம்மதிக்குத் திரும்பிவிடுகிறது. வெளியிலிருந்து வந்த கேடு வெளியே போனது. அவர்களைப் பற்றி நாம் புதிதாக எதையும் அறிந்துகொள்ளவில்லை.

ஆஸ்திரேலியாவின் ‘தி பாபடூக்’ (2014) நேர் எதிர்த் திசையில் தடுமாறுகிறது. பிரசவத்துக்கு மருத்துவமனை செல்லும் வழியில் விபத்தில் கணவனை இழந்தவள் அமேலியா. மகனின் பிறந்தநாளும் கணவனின் நினைவுநாளும் ஒன்றே. பெற்ற பிள்ளையையே வெறுக்கத் தொடங்கும் தாய் என்ற, யாரும் பேசத் துணியாத அச்சத்தை இயக்குநர் ஜெனிஃபர் கென்ட் நேருக்கு நேர் பார்க்கிறார். கிழித்தெறிந்த பூதக்கதைப் புத்தகம் ஒட்டப்பட்டு, புதிய பக்கங்களோடு வாசலில் வந்து கிடக்கும் காட்சி அபாரம். ஆனால் பிற்பகுதியில் பூதம்தான் துக்கம் என்பது வெளிச்சமாகிவிடுகிறது. பொருள் முழுதும் விளங்கிய பூதத்துக்குப் பயப்பட முடிவதில்லை. அமேலியாவாக நடிக்கும் எஸ்ஸி டேவிஸின் முகமே எல்லாவற்றையும் சொல்லிவிடுவதால் பூதம் உபரியாகிறது.

தென் கொரியாவின் ‘தி வெய்லிங்’ (2016) அச்சமூட்டுவதில் இவை எல்லாவற்றையும் விஞ்சும். ஒரு மலைக்கிராமத்தில் விநோத நோயும் கொலைகளும் தொடர்கின்றன. ஊருக்கு வந்து தங்கிய ஜப்பானியர் மேல் சந்தேகம் விழுகிறது. அங்குள்ள போலீஸ்காரனின் மகளையும் அந்த நோய் பற்றுகிறது. யாரை நம்புவது? மந்திரவாதியையா, வெள்ளுடைப் பெண்ணையா? 156 நிமிடங்கள் நா ஹாங்-ஜின் நம்மையும் அந்தத் தகப்பனோடு அலைய விடுகிறார். ஆனால் இரண்டு குறைகளை மறைக்க முடியாது. நடுவில் வரும் பெரும் சடங்குக் காட்சி, இரண்டு இடங்களை மாற்றி மாற்றி வெட்டிக் காட்டி நம்மை வேண்டுமென்றே தவறாக நினைக்க வைக்கிறது. அங்கே ஏமாற்றுவது பாத்திரமல்ல, படத்தொகுப்பு. இரண்டாவது குறை பெரிது. அந்நியன்மேல் ஊர் கொண்ட சந்தேகத்தைக் கேள்வி கேட்டபடி தொடங்கும் படம், கடைசியில் அதை ஏறக்குறைய மெய்யாக்கிவிடுகிறது. ஜப்பானிய ஆட்சியின் காயம் ஆறாத நாட்டில் அது சாதாரண முடிவல்ல.

சுவீடனின் ‘லெட் தி ரைட் ஒன் இன்’ (2008) இரு கேள்விகளையும் கடக்கிறது. 1980களின் ஸ்டாக்ஹோம் புறநகர். பனி மூடிய அடுக்குமாடிகள். பள்ளியில் நாளும் அடிபடும் 12 வயதுச் சிறுவன் ஆஸ்கர். பக்கத்து வீட்டுக்கு வந்த ஈலி ரத்தம் குடித்து வாழும் பிறவி. அழைக்காமல் அவள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதைத் தாமஸ் ஆல்ஃப்ரெட்சன் காட்டும் விதத்தில் பழைய நம்பிக்கை ஒன்று நட்பின் சோதனையாகிறது. அந்த நட்பு ஆஸ்கரை மீட்கிறதா, ஈலியின் வேலைக்காரனாக வளர்க்கிறதா என்பதற்குப் படம் பதில் சொல்வதில்லை; உண்மையான திகில் அதுதான். பூனைகள் பாயும் காட்சி செயற்கை. பெரியவர்களின் கிளைக்கதையும் மெலிந்தது.

இவை எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது ‘அண்டர் தி ஷேடோ’ (2016). தெஹ்ரானில் பிறந்து பிரிட்டனில் வாழும் பாபக் அன்வாரி, ஜோர்டானில் பாரசீக மொழியிலேயே எடுத்த படம். 1980களின் இறுதியில் ஈராக்கின் ஏவுகணைகள் தெஹ்ரான்மேல் விழுகின்றன. ஈரானியப் புரட்சிக்காலத்தில் இடதுசாரி மாணவர்களோடு நின்ற ஷீதேவுக்கு மருத்துவப் படிப்பைத் தொடர அனுமதி மறுக்கப்படுகிறது. கணவன் போர்முனைக்குப் போய்விட்டான். கண்ணாடி சிதறாமலிருக்க ஜன்னல்களில் நாடா ஒட்டிய வீட்டில் அவளும் சிறுமகளும் மட்டும். மேல்தளத்தில் விழுந்த ஏவுகணை வெடிக்காமல் கிடக்க, கூரையில் விரிசல் விடுகிறது. மகளின் பொம்மை தொலைகிறது. ஜின் வந்துவிட்டது என்ற பேச்சு எழுகிறது.

படத்தின் உயிர் ஒரே காட்சியில் இருக்கிறது. ஜினுக்கு அஞ்சி மகளைத் தூக்கிக்கொண்டு ஷீதே தெருவுக்கு ஓடுகிறாள். தலையை மூடவில்லை என்பதற்காகக் காவலர்கள் அவளைப் பிடித்துச் செல்கிறார்கள். கசையடி பற்றி எச்சரித்து, அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். உள்ளே ஜின், வெளியே அரசு. அந்த ஜின் போர்த்தி வருவதும் சாதர் என்ற போர்வைதான்! அரசு அவள்மேல் போர்த்தும் துணியும் பேயின் உடலும் ஒன்றாகிவிடுகின்றன. இதை வேறெந்த வகைப் படமும் இத்தனை நெருக்கமாகச் சொல்லியிருக்காது. கனவு கண்டு திடுக்கிட்டு எழும் பழகிய உத்திகளும், இறுதியில் பறக்கும் துணியின் கணினி வேலையும் குறைகளே. ஆனால் 84 நிமிடங்களில் அவை கறையாகத் தங்குவதில்லை.

ஆகவே என் வரிசை: முதலில் ‘அண்டர் தி ஷேடோ’, அடுத்து ‘லெட் தி ரைட் ஒன் இன்’, மூன்றாவதாக ‘தி வெய்லிங்’, அதன்பின் ‘தி பாபடூக்’. நான்கும் சிறுவர்களுக்கு உகந்தவையல்ல. ஒரே இரவுதான் கையில் இருக்கிறதென்றால், முதற்படத்தை மூல மொழியிலேயே துணையுரையோடு பாருங்கள்.