ஓதற் பிரிவும் மீட்சியும்

தலைவன் தலைவியைப் பிரிந்து செல்லுதற்குரிய காரணங்களைக் கூறப்புகுந்த தொல்காப்பியர், ஓதலையும் பகையையும் தூதையும் ஒருங்கு வைத்து எண்ணுகின்றார். அவற்றுள் முதலில் நிற்பது ஓதலே. கற்பியலில் அப்பிரிவுக்குக் கால எல்லையும் வகுக்கப்படுகின்றது. கல்வி கருதிப் பிரிந்தவன் மூன்று யாண்டுகளைக் கடத்தலாகாது என்பது விதி. ஆயின், இலக்கணம் இத்துணை மதிப்பளித்த பிரிவை இலக்கியம் பெரிதும் பாடவில்லை. சங்கச் செய்யுட்களிற் பொருள்வயிற் பிரிந்தோர் மலிந்து காணப்படுகின்றனர். ஓதச் சென்றோரைக் காண்டல் மிக அரிது. பொன் தேடிச் சென்றவனுக்காக வருந்திய தலைவியரைப் புலவர் நன்கறிவர். ஏடு தேடிச் சென்றவன் எவ்வூரில் எவரிடம் என்ன கற்றான் என்பதை அவர் நமக்குச் சொல்லவில்லை.

பாட்டு விட்ட குறையை இருபதாம் நூற்றாண்டின் வரலாறு நிரப்பியது. தமிழ் கற்பதற்கென்றே, தமிழ் வழங்காத நாட்டுக்குக் கப்பலேறியவர் நம்மிடையே இருந்தனர். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழாசிரியர் பலர் இலண்டனிலும் பேர்மிங்ஹாமிலும் பயின்று கலாநிதிப் பட்டம் பெற்றோராவர். 'தமிழைக் கற்க இலண்டனுக்கா?' என்று அக்காலத்திற் பண்டிதர் சிலர் நகைத்ததுண்டு. நகைப்பில் நியாயம் ஒரு சிறிதும் இல்லை என்று சொல்லிவிட இயலாது. எனினும் பிரிவைக் கொண்டு மட்டும் ஒரு பயணத்தை மதிப்பிடுதல் முறையன்று. மீண்டு வந்தவர் தமக்குக் கிடைத்ததைத் தமிழில் வைத்தனரா என்பதே யான் ஈண்டு எடுத்துக்கொள்ளும் அளவுகோல்.

அதற்கு முன் ஒரு சொல். நாம் அயல்நாட்டுக்குப் போகு முன்னரே அயல்நாட்டுப் பரீட்சை நம் நாட்டுக்கு வந்துவிட்டது. விபுலானந்த அடிகள் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டத்தை இங்கிருந்தவாறே பெற்றார். 1921 இல் கொழும்பில் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும் வரை, தன் மாணவரை இலண்டன் வெளிவாரிப் பரீட்சைக்கே ஆயத்தம் செய்தது. ஆகவே ஒரு தலைமுறை அறிஞர் அனைவரும் வெளிவாரி மாணவரே. இதனை நான் நினைவூட்டுவதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. யானும் ஒரு வெளிவாரிப் பட்டதாரி. பகலிற் கற்பித்து இரவிற் கற்றவன். நான் வாழும் நுகேகொடையின் பெயரைத் திறந்த பல்கலைக்கழகமும் ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகமும் தத்தம் முகவரியில் தாங்கி நிற்கின்றன. அவற்றின் மதிலோரமாகப் பேருந்தில் நாள்தோறும் வெள்ளவத்தைக்குச் செல்லும் எனக்கு, உள்ளே சென்று கற்றலுக்கும் வெளியே நின்று கற்றலுக்கும் உள்ள வேறுபாடு நன்கு தெரியும்.

இனி அளவுகோலுக்கு வருவோம். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை பருத்தித்துறையை அடுத்த புலோலியிற் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் கற்று, 1930களில் இலண்டனில் ஏழாம் எட்டாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சாசனங்களின் மொழியை ஆராய்ந்தார். கல்வெட்டில் எழுதப்பட்ட மொழியை ஒலி ஒலியாகப் பிரித்துக் கேட்கப் பழகிய செவி, ஊர் மீண்டபோது யாழ்ப்பாணத்துக் கிழவியின் பேச்சையும் அவ்வாறே கேட்டது. 1940 ஆம் ஆண்டில் வெளிவந்த 'நானாடகம்' அதன் விளைவு. அதில் வரும் மாந்தர் மேடைத் தமிழை விடுத்து வீட்டுத் தமிழிற் பேசுகின்றனர். பேச்சு மொழி இழிவழக்கு என்று எண்ணப்பட்ட நாளில், மொழியியல் பயின்ற பேராசிரியர் ஒருவர் அதனை அச்சேற்றினார் என்பது சிறிய செயலன்று. அந்நாடகங்களின் கதைப்பின்னலில் நெகிழ்ச்சியுண்டு. 'உடையார் மிடுக்கு' நகைச்சுவைத் துணுக்குகளின் தொகுதிபோற் சில இடங்களில் தளர்கின்றது. ஆயினும் உரையாடல் எங்கும் பொய்க்கவில்லை. ஜெர்மானிய ஆசிரியர் தியோடர் ஸ்ரோமின் கதையொன்றையும் அவர் 'பூஞ்சோலை' எனத் தமிழாக்கித் தந்தார். சென்றவர் வெறுங்கையோடு மீளவில்லை.

அவருடைய மாணவர் சு. வித்தியானந்தனும் இலண்டன் சென்றார். பத்துப்பாட்டை ஆராய்ந்து 1950 இல் பட்டம் பெற்றார். அவ்வாராய்ச்சியின் வழிவந்த 'தமிழர் சால்பு' 1954 இலேயே தமிழில் வெளிவந்துவிட்டது. இடைவெளி நான்கே ஆண்டுகள்! அந்நூலின் முடிவுகள் சில இன்று பழமையெய்திவிட்டன. பாட்டிற் கூறப்பட்டதை அவ்வாறே வரலாறாகக் கொள்ளும் நம்பிக்கையும் அதில் மிகுதி. ஆனாற் கிராமப் பள்ளி ஆசிரியர் ஒருவர் சங்ககாலச் சமுதாயத்தை ஒழுங்குபடக் கற்பதற்கு அது நெடுங்காலம் துணையாயிற்று. பின்னர் அவர் கூத்தைப் பேராதனை மேடைக்கு ஏற்றிய பணி யாவரும் அறிந்தது.

இவ்விருவரினும் புகழ் பரந்தவர் க. கைலாசபதி. கோலாலம்பூரிற் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கொழும்பு றோயல் கல்லூரியிலும் பயின்று, பேராதனையிற் பட்டம் பெற்று, 'தினகரன்' ஆசிரியராக இருந்தவர். 1960களில் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துக்குச் சென்று கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தார். இங்கு நிறுத்திச் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. தமிழ் மாணவர் சேர்ந்தது தமிழறிஞரிடத்தன்று. கிரேக்க நாடகத்தையும் தொல்பழஞ் சமுதாயத்தையும் மார்க்சிய நோக்கில் ஆராய்ந்த ஒருவரிடத்து. புறநானூற்றைப் பற்றி ஆசிரியருக்கு மாணவர் சொல்லவேண்டும். ஹோமரைப் பற்றி மாணவருக்கு ஆசிரியர் சொல்லவேண்டும். தமிழ் தெரிந்தவரிடம் தமிழைப் பேசும்போது நாம் பலவற்றை விளக்காது கடந்து செல்கின்றோம். பாணன் யார், பொருநன் யார், விறலிக்கும் பாடினிக்கும் வேறுபாடு என்ன என்று பேர்மிங்ஹாமிற் கேட்கப்பட்டால், 'அது வழக்கு' என்று விடையிறுத்துத் தப்ப முடியாது. அயல்நாட்டுக் கல்வியின் பெரும்பயன் இந்தக் கட்டாயமே என்பது என் கருத்து. நூலகமும் பட்டமும் அதற்கு அடுத்தனவே.

அவ்வாய்வு 1968 இல் ஒக்ஸ்போர்ட் கிளாரண்டன் அச்சகத்தினூடாக ஆங்கிலத்தில் நூலுருப் பெற்றது. தமிழ் வீரயுகக் கவிதையைக் கிரேக்க, அயர்லாந்து, வேல்சு நாட்டுப் பழம்பாடல்களோடு ஒருங்குவைத்து நோக்கிய அந்நூல், சங்க இலக்கியத்தைப் பொற்காலப் பெருமிதத்தினின்றும் மீட்டு, உலகத்துச் சமுதாயங்கள் பல கடந்துவந்த ஒரு காலகட்டத்தின் விளைபொருளாகக் காட்டிற்று. பாணர் மரபை விரித்துக் கூறும் பகுதி அதன் உயிர்நிலை. பாடிப் பரிசில் பெற்று வாழ்ந்த கலைஞர் கூட்டமொன்று, அதன் வறுமையோடும் வரிசையோடும் நம் கண்முன் எழுகின்றது.

ஆயின் நூலின் மற்றொரு தூண் அத்துணை உறுதியுடையதன்று. மில்மன் பரி என்னும் அமெரிக்க அறிஞர் 1930களில் யூகோசிலாவிய நாட்டுப் பாடகரை ஆராய்ந்து, எழுத்தறியாப் பாடகர் நெடும்பாடல்களை மேடையிலேயே எவ்வாறு புனைகின்றனர் எனக் கண்டார். ஆயத்தமாகக் கைவசமுள்ள தொடர்களை அவர்கள் வேண்டுமிடத்துப் பொருத்திப் பாடுகின்றனர். ஹோமரும் அவ்வாறே பாடினார் என்பது அவர் துணிபு. அவர் மாணவர் அல்பேட் லோட் 1960 இல் அக்கொள்கையை விரித்தெழுதினார். கைலாசபதி அதனைச் சங்கப் பாட்டுக்குப் பொருத்தினார். அரசனுக்கும் களிற்றுக்கும் கடலுக்கும் வரும் அடைமொழிகள் பாட்டுக்குப் பாட்டு மீளவருதலை வாய்மொழிப் புனைவின் சான்றாகக் கொண்டார். துறைகளையும் பாடகரின் கைவசமுள்ள பொருட்கூறுகளோடு ஒப்பிட்டார்.

இங்கேதான் ஐயம் எழுகின்றது. இலியாதம் பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகளையுடையது. குறுந்தொகைப் பாட்டு நான்கு முதல் எட்டு அடி. அகநானூற்றின் பேரெல்லை முப்பத்தோரடி. இரவு முழுவதும் இடையறாது பாடவேண்டியவனுக்கு ஆயத்தத் தொடர் ஊன்றுகோல்; எட்டடி பாடுபவனுக்கு அஃது எதற்கு? சொற்கள் மீளவருதற்குத் திணை மரபே போதிய காரணமாகலாம். மேலும் பாணர் வேறு, புலவர் வேறு. நமக்குக் கிடைத்துள்ள பாட்டுக்கள் பாணர் பாட்டைப் போற்றி அதன் சாயலிற் கற்றறிந்த புலவர் யாத்தவை என்று ஜோர்ஜ் ஹார்ட் 1975 இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். 2003 இல் ஐராவதம் மகாதேவன் தொகுத்து வெளியிட்ட பழந்தமிழ்ச் சாசனங்கள், எழுத்தறிவு அரண்மனைக்கு வெளியேயும் பரவியிருந்ததைக் காட்டுகின்றன. இவற்றை நோக்க, கைலாசபதி தாம் கற்ற கொள்கையைத் தமிழுக்குப் பொருத்தியபோது சட்டையை உடலுக்கேற்ப வெட்டாது, உடலைச் சட்டைக்கேற்ப ஒடுக்கினார் என்றே எண்ணவேண்டியுள்ளது. அயல்நாட்டுக் கல்வியின் இடர் இது. புதிய கருவி கையிற் கிடைத்தவுடன் எல்லாம் அதற்கு இரையாகத் தோன்றும்.

ஆனால் இவ்விவாதம் நம்மவரிடையே உரிய காலத்தில் நடந்ததா? மறுத்தவர் பெரும்பாலும் ஆங்கிலத்தில் மறுத்தனர். ஏற்றவரும் ஆங்கிலத்தில் ஏற்றனர். கைலாசபதி 1969 இல் 'ஒப்பியல் இலக்கியம்' என்னும் நூலைத் தமிழில் தந்து தம் நோக்கின் ஒரு பகுதியை நமக்கு அளித்தார் என்பதை மறைத்தல் நீதியன்று. எனினும் தலையாய நூல் 'தமிழ் வீரநிலைக் கவிதை' எனத் தமிழில் வருவதற்கு இரண்டாயிரமாவது ஆண்டும் கடந்துவிட்டது. நூலாசிரியரோ 1982 இலேயே மறைந்துவிட்டார். தொம்சனிடமே ஆய்வு செய்த கா. சிவத்தம்பியின் பண்டைத் தமிழ் நாடகம் பற்றிய நூலும் அத்துணைத் தாமதமாகவே தமிழுக்கு வந்தது. தொல்காப்பியர் விதித்த மூன்று யாண்டு எங்கே, இந்த முப்பது நாற்பது யாண்டு எங்கே! உடல் உரிய காலத்தில் மீண்டது, நூல் மீளவில்லை.

அத்தாமதத்தின் விலையை யான் என் மாணவப் பருவத்திற் கொடுத்தேன். வெளிவாரிப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்தபோது, தட்டச்சிட்ட குறிப்புக்கள் சில என் கைக்கு வந்தன. அவற்றில் 'சங்கப் பாடல்கள் வாய்மொழிப் பாடல்கள் எனக் கைலாசபதி நிறுவியுள்ளார்' என ஒரே வரி இருந்தது. எதனால் நிறுவினார், யார் மறுத்தார் என்பது இல்லை. அவ்வரியை அவ்வாறே பரீட்சையில் எழுதிப் புள்ளி பெற்றேன். பின்னர் நண்பரொருவரிடம் ஆங்கில நூலை இரவல் பெற்று, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விடுமுறை முழுவதும் படித்தபோதுதான், நான் எழுதியதன் பொருளை நானே அறியாதிருந்தமை தெரிந்தது. சில ஆண்டுகளின் பின், உயர்தர வகுப்பில் மாணவி ஒருத்தி, 'சேர், எழுதத் தெரியாதவர் பாடினதென்றால் ஒவ்வையார் எழுத்துத் தெரியாதவரோ?' என்று கேட்டாள். அவ்வினாவை எழுப்புதற்கு அவளுக்கு ஆங்கிலமும் வேண்டியிருக்கவில்லை, பேர்மிங்ஹாமும் வேண்டியிருக்கவில்லை. விவாதம் தமிழிற் கிடைத்திருந்தால் அவளைப் போன்றோர் ஒரு தலைமுறைக்கு முன்னரே அதனைக் கேட்டிருப்பர்.

மாணவனாகச் செல்லுதல் ஒரு வகை. இரு நாட்டறிஞர் கொடுத்தும் கொண்டும் பழகுதல் மற்றொரு வகை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் தோக்கியோவிலுள்ள கக்குசுயின் பல்கலைக்கழகத்துச் சுசுமு ஓனோவுடன் இணைந்து செய்த தமிழ் - யப்பானிய ஆய்வு இவ்வகையினது. இரு மொழிக்கும் உறவுண்டு என்னும் ஓனோவின் கொள்கையை மொழியியலாளர் பலர் ஏற்றுக்கொள்ளவில்லை. அஃது எவ்வாறாயினும், பழைய யப்பானியக் காதற் பாட்டையும் நம் அகப்பாட்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் வாய்ப்பு அதனால் உண்டாயிற்று.

இன்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அயல்நாட்டுக் கல்விக்கு வழிகாட்டும் விளம்பரப் பலகைகளுக்குக் குறைவில்லை. செல்வோருட் பெரும்பாலோர் கணினியும் கணக்கியலும் கற்கவே செல்கின்றனர். புலமைப் பரிசிலன்றித் தந்தையின் கடனே பலரைக் கொண்டுசெல்கின்றது. அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. 1983 இன் பின் இந்நகரத்திற் பிள்ளை வளர்த்த பெற்றோர் எவரும் பிரிவை ஓதலின் பொருட்டு மட்டும் எண்ணவில்லை.

சென்ற ஆண்டு என் பழைய மாணவர் ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சுண்ணக்கற் பாறையின்கீழுள்ள நன்னீரில் உவர் கலத்தல் பற்றி அயல்நாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் ஆய்கின்றார். ஆய்வேடு ஆங்கிலத்திலேயே அமையும். அதன் சாரத்தைப் பத்துப் பக்கத்திலேனும் தமிழில் எழுதித் தருமாறு கேட்டேன். உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும் நன்னீர்த் திரளை 'நன்னீர் வில்லை' என்று எழுதலாமா என வினவினார். எழுதலாம் என்றேன், ஆனாற் கோப்பாயிலும் புத்தூரிலும் கிணறு வெட்டுவோர் அதனை எப்பெயரால் வழங்குகின்றனர் என முதலிற் கேட்டு வருமாறும் எழுதினேன். மார்கழி விடுமுறையில் ஊருக்கு வரும்போது கேட்பதாக விடை வந்துள்ளது.