ஏழு வாசல், பத்தாயிரம் பேர்

நெல் அறுத்த வயலில் தாளைச் சீவிவிட்டு, நாலு மூங்கிலை நட்டு, சுற்றிலும் கயிறு கட்டினால் கூமாப்பட்டிப் பக்கத்தில் அதுதான் கால்பந்து மைதானம். மேற்கே மலை, மூன்று பக்கமும் தென்னந்தோப்பு. நான் கல்லூரியில் படித்த காலத்தில் அப்படியொரு வயலில் நடந்த பொங்கல் போட்டியின் இறுதி ஆட்டம் பாதியிலேயே நின்றுபோனது. கடைசி நிமிடத்தில் கொடுத்த ஒரு பெனால்டிக்காக இரண்டு ஊர்க்காரர்களும் கயிற்றைத் தாண்டி உள்ளே இறங்கினார்கள். நாலைந்து பேருக்கு மண்டை உடைந்தது.

அடுத்த வருடம் விழாக் குழு ஒரு முடிவெடுத்தது. பெயர், தகப்பனார் பெயர், ஊர் எழுதி முத்திரை குத்திய அட்டை இருந்தால்தான் ஆட்டம் பார்க்கலாம். வயலைச் சுற்றி முள்வேலி அடைத்து, ஒரே ஒரு படலைத் திறந்து வைத்தார்கள். அங்கே ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, ஒவ்வொரு அட்டையையும் வாங்கி, பெயரைத் தேடி, டிக் போட்டு அனுப்பினார். வெளியே இன்னும் முந்நூறு பேர் நிற்கும்போதே உள்ளே விசில் கேட்டது.

அந்த விசில்தான் எல்லோரையும் தள்ளியது. பின்னால் இருந்தவர்களுக்கு ஆட்டம் தொடங்கிவிட்ட அவசரம்; முன்னால் இருந்தவர்களுக்கு நகர இடமில்லை. எனக்கு முன்னால் நின்றவரின் முதுகில் என் நெஞ்சு அழுந்தியது. வெளியே விட்ட மூச்சைத் திரும்ப உள்ளே இழுக்க முடியவில்லை. கால் தரையில் இருந்ததா என்றே தெரியவில்லை. படல் முறிந்து விழுந்ததால் பிழைத்தோம். அது இரும்புக் கதவாக இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். என்னை நெருக்கிய அத்தனை பேரின் சட்டைப் பையிலும் அட்டை இருந்தது.

அன்றிலிருந்து மைதானங்களில் மக்கள் இறந்த செய்திகளை நான் வேறு கண்ணோடுதான் படிக்கிறேன். அடித்தவன் யார் என்று பார்ப்பதற்கு முன், வாசல் எத்தனை என்று தேடுவேன்.

ஈடன் கார்டன்ஸில் ஒரு சனிக்கிழமை

இந்தியக் கால்பந்தின் மிகத் துயரமான நாள் 1980 ஆகஸ்ட் 16. கல்கத்தா லீக்கில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஈடன் கார்டன்ஸில் மோதின. அந்த நகரத்தில் இவை வெறும் கிளப் பெயர்களாக நிற்பதில்லை. மோகன் பகான் மேற்கு வங்கத்துப் பழங்குடும்பங்களின் அணி. ஈஸ்ட் பெங்கால் பத்மா நதிக்கு அப்பாலிருந்து, பிரிவினையில் வீட்டையும் நிலத்தையும் விட்டுவந்தவர்களின் அணி. ஜெயித்த அன்று ஒரு வீட்டில் இறால், மற்றொரு வீட்டில் ஹில்சா மீன் என்று சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் அந்தக் கோடு நீளும்.

அன்று ஈஸ்ட் பெங்காலின் திலீப் பாலித், மோகன் பகானின் பிதேஷ் போஸை முரட்டுத்தனமாகத் தடுத்தார். பிதேஷ் பதிலுக்குப் பாய்ந்தார். நடுவர் சுதின் சட்டர்ஜி இருவரையும் வெளியே அனுப்பினார். களத்தைப் பொறுத்தவரை விவகாரம் அதோடு தீர்ந்தது. கேலரியில் தீரவில்லை. ரஞ்சி ஸ்டேடியம் என்று அழைக்கப்பட்ட பகுதியில் இரு அணி ரசிகர்களும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். கல்லெறியும் கைகலப்பும் தொடங்கியதும் தப்பிக்க நினைத்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் படிக்கட்டை நோக்கி ஓடினார்கள். ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். சிலர் மேலடுக்கிலிருந்து கீழே குதித்தார்கள். 16 ரசிகர்கள் வீடு திரும்பவில்லை.

அந்தச் சாவுகளுக்கு ரசிகர்களின் வெறிதான் காரணம் என்று சொல்லி முடித்துவிடலாம். வெறி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஜென்மப் பகை கொண்ட இரண்டு அணிகளின் ஆட்களை ஒரே கேலரியில் தோளோடு தோள் உட்கார வைத்தது ரசிகர்கள் அல்ல. ஓடுகிற கூட்டத்தைத் தாங்காத படிக்கட்டைக் கட்டியதும் அவர்கள் அல்ல. டிக்கெட்டை இரண்டு நிறத்தில் அச்சடித்து, இரண்டு வழியாக உள்ளே விட்டிருந்தால் இரண்டு ஆட்டக்காரர்களின் மோதல் களத்திலேயே முடிந்திருக்கும்.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 கொல்கத்தாவில் கால்பந்து ரசிகர்கள் நாளாக அனுசரிக்கப்படுகிறது. அன்று ரத்ததான முகாம் நடக்கும். இரண்டு அணி ரசிகர்களும் வந்து ரத்தம் கொடுப்பார்கள். ஒரு மைதானத்தின் சாவை நினைவுகூர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இங்கிலாந்து போட்ட கணக்கு

ரசிகர் அட்டை என்ற யோசனையை அரசாங்கமே கையில் எடுத்து, சட்டம் வரைக்கும் கொண்டுபோன நாடு இங்கிலாந்து. 1985 மார்ச் 13 அன்று லூட்டன் டவுன் மைதானத்தில் மில்வால் ரசிகர்கள் நாற்காலிகளைப் பிடுங்கி வீசிக் கலவரம் செய்தார்கள். லூட்டன் கிளப் 1986-87 சீசனில் வெளியூர் ரசிகர்களையே தடை செய்து, உறுப்பினர் அட்டை உள்ளவர்களை மட்டும் உள்ளே விட்டது. எதிரணி ரசிகர்களை அனுமதிக்க மறுத்ததால் அந்த சீசன் லீக் கோப்பையிலிருந்தே லூட்டன் விலக்கப்பட்டது. ஆனாலும் பிரதமர் தாட்சருக்கு இந்த வழி பிடித்திருந்தது. நாடு முழுக்க, ஒவ்வொரு ரசிகருக்கும் அட்டை என்று மசோதா வந்தது. விளையாட்டு அமைச்சர் காலின் மொய்னிஹான் அதற்காக நின்று வாதாடினார்.

மசோதா விவாதத்தில் இருக்கும்போதே 1989 ஏப்ரல் 15 வந்தது. ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூலும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும் மோதிய எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. நின்று பார்க்கும் டிக்கெட் வாங்கிய லிவர்பூல் ரசிகர்கள் சுமார் 10,100 பேர். அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட சுழல்கதவுகள் 7.

இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். ஒரு கதவுக்கு 1,440 பேருக்கு மேல். டிக்கெட்டைக் கிழித்து ஒருவரை உள்ளே விட ஐந்து விநாடி என்று வைத்தால்கூட இரண்டு மணி நேரம் ஆகும். ரசிகர்களில் பெரும்பகுதி கடைசி ஒரு மணி நேரத்தில்தான் வந்து சேர்கிறது. வெளியே நெருக்கடி முற்றியதும் காவல்துறை ஒரு பெரிய கதவைத் திறந்துவிட்டது. உள்ளே போனவர்களுக்கு நேரெதிரே தெரிந்தது ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடுப்பகுதிக்குப் போகும் சுரங்கவழி. அதை யாரும் அடைக்கவில்லை. பக்கவாட்டுப் பகுதிகளில் இடம் இருந்தது. அங்கே போகச் சொல்ல ஆள் இல்லை. ஆட்டத்தைத் தாமதமாகத் தொடங்கச் சொல்லி வந்த கோரிக்கையும் ஏற்கப்படவில்லை. மூன்று மணிக்கு விசில் ஊதப்பட்டது. 97 பேர் இறந்தார்கள். கடைசி உயிர் பல ஆண்டு அவதிக்குப் பின் 2021-ல் பிரிந்தது.

விசாரணை நடத்திய நீதிபதி டெய்லர் 1990 ஜனவரியில் இறுதி அறிக்கை கொடுத்தார். அட்டைத் திட்டம் பாதுகாப்பைக் கூட்டும் என்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. வாசலில் நெரிசலைக் கூட்டிவிடும் என்ற கவலையே இருந்தது. மேலே போட்ட கணக்கில் அட்டையைச் செருகி, இயந்திரம் படித்து, பச்சை விளக்கு எரிய இன்னும் ஐந்து விநாடி சேர்த்தால் இரண்டு மணி நேரம் நான்கு மணி நேரமாகும். அரசு திட்டத்தைக் கைவிட்டது. கூமாப்பட்டிப் படலில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தவர் ஒவ்வொரு பெயருக்கும் எடுத்துக்கொண்ட நேரத்தை இந்த அறிக்கையைப் படித்தபோதுதான் நான் முழுதாகப் புரிந்துகொண்டேன்.

ஹில்ஸ்பரோவில் இறந்தவர்களைக் குடிகாரக் கும்பல் என்று பத்திரிகையும் காவல்துறையும் பழி சொன்னது இன்னொரு கொடுமை. ரசிகர்கள்மேல் தவறில்லை என்று 2016-ல் ஜூரி சொல்வதற்குள் 27 ஆண்டுகள் ஓடிவிட்டன. ரசிகன் என்றாலே சந்தேகத்துக்குரியவன் என்று நினைப்பவர்களுக்குக் கூட்டத்தைப் பார்க்கும்போது கலவரம் மட்டுமே கண்ணில் படுகிறது. மூச்சுத் திணறுவது படுவதில்லை.

எதிரணி இல்லாத மைதானம்

எதிரணி ரசிகர்களை வரவிடாமல் செய்தால் போதும் என்பவர்களுக்கு இந்தோனேசியா பதில் வைத்திருக்கிறது. 2022 அக்டோபர் 1, கஞ்சுருஹான் மைதானம். அரேமா அணி பெர்செபயாவிடம் 2-3 என்று தோற்றது. பெர்செபயா ரசிகர்களுக்கு அன்று அனுமதியே கிடையாது. உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே அணிக்காரர்கள். சிலர் களத்தில் இறங்கினார்கள். காவல்துறை கேலரியை நோக்கிக் கண்ணீர்ப்புகைக் குண்டு வீசியது. மைதானங்களுக்குள் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது ஃபிஃபா விதி. கண் எரிந்து ஓடியவர்கள் குறுகலான வாசல்களில் அடைத்துக்கொண்டார்கள். 135 பேர் இறந்தார்கள்.

அட்டைக்கே திரும்பினால், துருக்கி 2014-ல் வங்கியோடு இணைந்த பாசோலிக் என்ற ரசிகர் அட்டையைக் கட்டாயமாக்கியது. பல அணிகளின் ரசிகர்கள் புறக்கணிப்பில் இறங்க, கேலரிகள் காலியாயின.

அட்டையால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. கல்லெறிந்தவனை அடையாளம் கண்டு, நீதிமன்றத்தில் நிறுத்தி, அவன் ஒருவனை மட்டும் மைதானத்துக்கு வரவிடாமல் தடுப்பது நியாயமான வழி. இங்கிலாந்து இன்று அதைத்தான் செய்கிறது. அதற்கு இருக்கை எண், கேமரா, ஒழுங்கான விசாரணை மூன்றும் வேண்டும். 2012 டிசம்பர் 9 அன்று சால்ட் லேக் மைதானத்தில் மோகன் பகானின் ரஹீம் நபி கேலரியிலிருந்து வந்த கல்லால் அடிபட்டார். இரண்டாம் பாதிக்கு வர மறுத்த அவர் அணிக்கு இரண்டு ஆண்டுத் தடை வந்து, பிறகு 2 கோடி ரூபாய் அபராதமாக மாறியது. சேர்த்த புள்ளிகளும் போயின. அந்த மாதிரி நாளில் எறிந்த கையைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு அவசியம். அது ஒரு கையைத் தேடும் வேலை. அதற்காக லட்சம் பேரை வாசலில் நிறுத்த வேண்டியதில்லை.

அதே சால்ட் லேக்கில் 1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியைப் பார்க்க 1,31,781 பேர் திரண்டார்கள். பைசுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று ஜெயித்தது. ஈடனில் அந்தச் சனிக்கிழமை அடித்துக்கொண்ட அதே இரு அணிகள்தான். அந்த நாளை இன்று வங்காளம் கோல்களுக்காகத்தான் நினைவில் வைத்திருக்கிறது.

வாசலுக்கு வெளியே

அட்டையைப் பற்றிப் பேசும்போது 2025 ஜூன் 4-ஐயும் சொல்ல வேண்டும். பெங்களூரு சின்னசாமி மைதானம் சுமார் 35,000 பேருக்கானது. ஐ.பி.எல். கோப்பையோடு வந்த அணியைப் பார்க்க லட்சக்கணக்கில் மக்கள் கூடினார்கள். 11 பேர் இறந்தது வாசல்களுக்கு வெளியே. அட்டையைக் கேட்கும் இடம் வரைக்கும்கூட அவர்களால் வந்து சேர முடியவில்லை. எத்தனை பேரை அழைக்கிறோம், எத்தனை பேருக்கு இடம் இருக்கிறது என்ற எளிய கழித்தலை முன்னாலேயே செய்திருந்தால் அது தடுக்கக்கூடிய சாவு.

கூமாப்பட்டி, வத்திராயிருப்புப் பக்கத்து எங்கள் ஆட்களுக்கு இந்தக் கழித்தல் பழக்கமானது. ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், சதுரகிரி மலைக்கோயிலுக்கு ஏறுகிற கூட்டம் எப்படி ஒரு பாதையில் ஒடுங்குகிறது என்று. 2015 மே மாதம் மலை ஓடையில் திடீரென வெள்ளம் வந்து பக்தர்கள் உயிரிழந்த பிறகு, நாளும் நேரமும் பார்த்து ஆட்களை ஏற்றும் கட்டுப்பாடு இறுகியது. அங்கே முதலில் கேட்கப்படும் கேள்வி வானம் எப்படி, ஓடை எப்படி என்பது. 2025 ஜூனில் ஒரு ரீல்ஸைப் பார்த்துவிட்டுக் கூமாப்பட்டிக்கு வண்டி கட்டி வந்தவர்களைப் பிளவக்கல் அணைக்குள் விடாமல் திருப்பி அனுப்பியபோதும் பேச்சு பாதுகாப்பைப் பற்றித்தான்.

ஆகவே கால்பந்து நடத்துகிறவர்களிடம், அது சென்னை நேரு ஸ்டேடியமானாலும் அறுத்த வயலானாலும், ரசிகர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. எத்தனை வாசல்? ஒரு வாசலில் நிமிடத்துக்கு எத்தனை பேர்? கதவு வெளிப்பக்கம் திறக்குமா? ஒரு பகுதி நிரம்பியதும் அடுத்த பகுதிக்குத் திருப்பிவிட யார் நிற்கிறார்கள்? நெருக்கடி என்றால் ஆட்டத்தைத் தள்ளிவைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

ரசிகர்களுக்கும் பொறுப்பு உண்டு. அதைக் கொல்கத்தா ரசிகர்கள் 2024 ஆகஸ்ட் 18 அன்று காட்டினார்கள். பாதுகாப்புக்குப் போதிய காவலர் இல்லை என்று டூரண்ட் கோப்பையில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதவிருந்த ஆட்டம் ரத்தானது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட இளம் மருத்துவருக்கு நீதி கேட்டு இரண்டு அணிக்காரர்களும் மைதானத்துக்கு வெளியே ஒன்றாகத் திரண்டார்கள். தடியடி நடந்தும் கலையவில்லை. ஒரு அணிக் கொடியோடு வந்தவரை மறு அணிச் சட்டைக்காரர் தோளில் தூக்கிக்கொண்டு நின்ற படத்தைப் பார்த்தபோது, 1980-ல் போன அந்த 16 பேரை நினைத்துக்கொண்டேன்.

படல் முறிந்ததற்கு அடுத்த பொங்கலுக்கு எங்கள் வயலில் அட்டை இல்லை. வேலியில் கிழக்கே இரண்டு, மேற்கே இரண்டு என்று நான்கு இடத்தில் வழி விட்டிருந்தார்கள். ஒரு ஊருக்குக் கிழக்கு, ஒரு ஊருக்கு மேற்கு. ஒவ்வொரு ஊர்ப் பெரியவரும் தன் ஆட்களுக்கு முன்னால் துண்டைப் போட்டு உட்கார்ந்தார். மணி நாலு ஆகிவிட்டது என்று நடுவர் விசிலை வாயில் வைத்தார். கிழக்குப் பக்கத்துப் பெரியவர் கையை உயர்த்தினார்.

"ஆள் பூராம் உள்ள வந்து உக்காரட்டும் தம்பி, பெறகு ஊதுங்க. ஆட்டம் எங்க போயிறப் போகுது?"

நடுவர் விசிலை எடுத்துவிட்டு வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசி ஆள் வரப்பில் வந்து உட்கார்ந்தபோது மணி நாலே கால்.