சிம் கேமரா: டேட்டா போகும் வழி

கடலூர்ப் பக்கத்துச் சவுக்குத் தோப்புக்கும் பரங்கிப்பேட்டை இறால் பண்ணைக்கும் வைஃபை எட்டாது. அங்கே 4ஜி சிம் போடும் கேமரா தோதான பொருள்தான். படம் தெளிவு, பொருத்துவதும் சுலபம். வில்லங்கம் டேட்டாவில். தினம் 1.5 ஜிபி ரீசார்ஜ் செய்தால், யாரும் ஆப்பைத் திறக்காமலே மதியத்துக்குள் தீர்ந்துபோனதாக எஸ்எம்எஸ் வருகிறது. உடனே, யாரோ எங்கிருந்தோ பார்க்கிறார்கள் என்ற சந்தேகம். திருடனைத் தேடுமுன் கணக்கைப் போட வேண்டும் என்பது என் கட்சி. விநாடிக்கு 1 மெகாபிட் அளவில் காட்சி மேலேறினால் நாளுக்கு 10.8 ஜிபி, 1.5 ஜிபி என்பது 3 மணி 20 நிமிடத்துக்குத்தான் வரும். ‘அசைவு இருந்தால் மட்டும்’ கிளவுடில் பதிவு என்று வைத்தாலும், எது அசைவு என்பதில்தான் வினை. கடற்காற்றில் சவுக்கு ஓயாமல் ஆடும். ராத்திரியில் லென்ஸை ஒட்டிப் பறக்கும் பூச்சி அகச்சிவப்பு வெளிச்சத்தில் பூதமாகத் தெரியும். சிதம்பரம் கீழவீதியைப் பார்த்த கேமராவுக்கு ஒவ்வொரு ஆட்டோவும் ஓர் அசைவு. ஆனித் தேரன்று கேட்கவே வேண்டாம். கண்காணிக்கும் பகுதியை வாசற்படியோடு சுருக்கி, ‘மனிதர் மட்டும்’ என்று வைத்து, பதிவை மெமரி கார்டோடு நிறுத்தினால் புதிர் பெரும்பாலும் அவிழ்ந்துவிடும்.

அப்படியானால் உளவு என்பது வெறும் பயமா? இல்லை. பார்ப்பவருக்குத் தெரியாமல் விவரம் திரட்டிய புகாரில் விஸியோ டிவி நிறுவனம் 2017இல் அமெரிக்காவில் 22 லட்சம் டாலர் கட்டியது. ஆனால் அப்படித் திரட்டும் விவரம், வீடியோவோடு ஒப்பிட்டால் துளி. டேட்டா அதிகம் போவது உளவுக்குச் சாட்சியும் அல்ல, குறைவாகப் போவது யோக்கியதைக்குச் சான்றும் அல்ல. 2024 ஜனவரியில் ஓர் எல்ஜி வாஷிங் மெஷின் நாளுக்கு 3.6 ஜிபி தின்றதாக உலகமே பேசியது; கடைசியில் சந்தேகம் திரும்பியது ரவுட்டரின் கணக்கு மீது. சிசிடிவி விற்கப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம் என்ற விதி இந்தியாவில் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நல்லதுதான், டேட்டாச் செலவு பற்றி வாங்குபவருக்கு அதனால் ஒன்றும் தெரியாது. அந்தச் செலவைப் பெட்டியிலேயே அச்சிட வேண்டும். வீட்டுக்கு வீடு பயன்பாடு மாறுமே, எந்த எண்ணை அச்சிடுவது என்று விற்பவர் கேட்கலாம். ஃபிரிட்ஜும் வீட்டுக்கு வீடு மாறித்தான் ஓடுகிறது. ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று ஸ்டார் லேபிளில் போடத்தானே செய்கிறார்கள்? அதுபோலக் கேமராப் பெட்டியிலும் ஓர் எண் வரட்டும். அதுவரை, மேலேறிய டேட்டா எவ்வளவு, ஆப்பில் பார்க்கும்போது செலவானது எவ்வளவு என்று பிரித்துக் காட்டாத சிம் கேமராவை, விலை எவ்வளவு குறைந்தாலும், வாங்கச் சொல்லமாட்டேன்.